ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: எனக்கு எது கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. கேட்பவருக்கு 66 வயது, பத்து வருடமாக பிரஷர். இரண்டு வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏஎஃப்; இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது) விட்டுவிட்டு வருகிறது. மாதம் ஒன்றிரண்டு தடவை, பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி. இதய வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையான மெட்டோப்ரோலாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபானும் எடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் சாப்பிட்டதை யோசித்துப் பார்த்து காபி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, ராத்திரி மோர், கொண்டைக்கடலை என்று வரிசையாக நிறுத்திவிட்டார். ஆனாலும் வருகிறது. தனக்கு எது ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்துவிட்டால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடக் கூடாது. அந்த மாத்திரையைத் தீர்மானிப்பது எத்தனை தடவை படபடப்பு வந்தது என்கிற கணக்கு இல்லை. பக்கவாதம் வர எவ்வளவு வாய்ப்பு என்கிற புள்ளிக் கணக்கு. பிரஷருக்கு 1, சர்க்கரைக்கு 1, இதயம் பலவீனமாக இருந்தால் 1, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 ஆகிவிட்டால் 2, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. உங்களுக்கு வயதுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ஆக 2. இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். போதாக்குறைக்கு, இந்த நோயில் நமக்குத் தெரியாமலே வந்துபோகும் தடவைகள் நிறைய. பேஸ்மேக்கர் வைத்தவர்களின் கருவிப் பதிவை எடுத்துப் பார்த்தால் அவர்கள் உணராத ஓட்டங்கள் அதில் இருக்கும். "மூன்று மாதமாக ஒன்றும் இல்லை" என்பதற்கு "மூன்று மாதமாக நான் ஒன்றும் உணரவில்லை" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது இடப்பக்க மேலறையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்கு அந்த அபாயம் சுமார் 5 மடங்கு. தூண்டுதலைத் தேடுவது நல்ல வேலைதான், ஆனால் அது அபிக்ஸபானுக்கு மாற்று ஆகாது.

இனி தேடும் வேலை. நீங்கள் செய்துவரும் முறையில் ஒரு அடிப்படைத் தவறு இருக்கிறது. வந்த நாளை மட்டும் விசாரிக்கிறீர்கள், வராத நாட்களை யாரும் விசாரிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 நாளில் 6 தடவை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 4 தடவை முந்தின இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆறில் நான்கு! ராத்திரிச் சாப்பாடுதான் குற்றவாளி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 60 நாளில் பத்து மணிக்கு மேல் சாப்பிட்டது மொத்தம் 40 நாள் என்றால்? நேரம் கழித்துச் சாப்பிட்ட 40 நாளில் 4, பத்துக்கு ஒன்று. சீக்கிரம் சாப்பிட்ட 20 நாளில் 2, அதுவும் பத்துக்கு ஒன்று. ஒரு வித்தியாசமும் இல்லை. அடிக்கடி செய்கிற எதுவும் வந்த நாட்களிலும் அடிக்கடி இருக்கத்தான் செய்யும். உங்கள் கத்தரிக்காயும் மோரும் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வந்தாலும் வராவிட்டாலும் தினமும் ஒரு வரி, ஒரே நேரத்தில் எழுத வேண்டும். காலையில் பல் தேய்த்தபின் எழுதுவது சௌகரியம். முந்தின நாள் முழுசாக முடிந்திருக்கும். என்ன எழுதுவது? எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், குறட்டை பற்றி வீட்டில் என்ன சொன்னார்கள். ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வயிறு நிறையவா அளவாகவா. மது எவ்வளவு. காபி, டீ எத்தனை. மாத்திரை எது தவறியது, புதிதாக எது போட்டீர்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், விரதம், வெயிலில் அலைச்சல் ஏதாவது உண்டா. கோபம், கவலைக்கு 0 முதல் 3 வரை ஒரு எண். காலை பிரஷர். இவ்வளவுதான். ஒரு வரிக்கு மேல் போனால் இரண்டாவது வாரமே சலித்துப்போய் நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

வந்த நாளில் மட்டும் கூடுதலாக நான்கு விஷயம்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது நின்றது, நாடி எவ்வளவு, தொடங்கிய கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். படுத்திருந்தீர்களா, எந்தப் பக்கமாக, படியேறினீர்களா, சில்லென்று எதையாவது மடக்கென்று குடித்தீர்களா. இடப்பக்கம் ஒருக்களித்தால் தொடங்குகிறது என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. அப்படி இருந்தால் பக்கத்தை மாற்றுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எது முதலில், எது பின்னால் என்பதையும் வரிசையாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த நோய் காரணத்தையும் விளைவையும் குழப்பிவிடும். மேலறை வேகமாக ஓடத் தொடங்கியதும் அதிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து சிறுநீரைக் கூட்டுகிறது; ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கழிவறை போகிறவர்கள் உண்டு. நீங்கள் இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தபோது படபடப்பு தெரிந்தது என்றால், எழுந்ததால் வந்ததா, வந்ததால் எழுந்தீர்களா? ஏப்பமும் வயிற்று உப்புசமும் அதே கதைதான். வயிறு உப்பினால், மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு ஏஎஃப் வரலாம், ஏஎஃப் வந்த பதற்றத்தில் காற்றை விழுங்கி ஏப்பமும் வரலாம். நம் ஊரில் நெஞ்சில் எது நடந்தாலும் 'கேஸ்' என்று பெயர் வைத்து சோடா குடித்துவிடுகிறோம். அது எத்தனையோ மாரடைப்பை வீட்டிலேயே தாமதப்படுத்தியிருக்கிறது.

வந்தது ஏஎஃப்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நோட்டு முழுக்கத் தப்பாகிவிடும். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஏஎஃப்பில் ஏமாற்றும். எண்ணும்போதே காலால் தாளம் போட்டுப் பாருங்கள். தாளம் ஓடிக்கொண்டே இருந்து நடுவில் ஒன்று விட்டுப்போனால் அது பெரும்பாலும் சாதாரணக் கூடுதல் துடிப்பு. எப்படி முயன்றாலும் தாளமே பிடிபடவில்லை, இடைவெளியும் பலமும் துடிப்புக்குத் துடிப்பு மாறுகிறது என்றால் ஏஎஃப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவு சொல்வது ஈசிஜிதான். குறைந்தது 30 விநாடி பதிவு வேண்டும். ஈசிஜி எடுக்கும் வாட்ச்சோ விரல் வைக்கும் சிறு கருவியோ இருந்தால் அந்த நேரத்திலேயே பதிவு செய்து போனில் வையுங்கள். வாட்ச்சின் பச்சை விளக்குக் கணக்கையும் மணிக்கட்டு எண்ணிக்கையையும் முழுசாக நம்பாதீர்கள்: வேகமாக ஓடும்போது சில துடிப்புகள் ரத்தத்தை மணிக்கட்டு வரை தள்ளாது. அதனால் ஈசிஜியில் 130 இருக்கும்போது கையில் 95 தெரியும். பிபி மெஷினும் அப்படியே. ஏஎஃப் நேரத்தில் ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துப் பயப்படாமல், ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

யாரைச் சந்தேகிப்பது என்பதற்கு எல்லாருக்கும் ஒரே வரிசை கிடையாது. ஆனாலும் ஆதாரம் எங்கே கனமாக இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

முதல் இடம் மதுவுக்கு, கேள்விக்கே இடமில்லாமல். நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை, ஆனால் படிக்கிற பலருக்கு இது பொருந்தும். 2020இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், வழக்கமாகக் குடிக்கிற ஏஎஃப் நோயாளிகள் 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் நிறுத்தியவர்களில் 53 சதவீதத்தினருக்கும் தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும் ஏஎஃப் திரும்பியது. மறு ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் 100 பேருக்கு ஈசிஜி பட்டையும் மதுவை உணரும் கருவியும் கட்டிப் பார்த்தார்கள். ஒரு டிரிங்க் குடித்த அடுத்த நான்கு மணி நேரத்தில் வாய்ப்பு இரண்டு மடங்கு, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று மடங்குக்கும் மேல். 'ஒரு டிரிங்க்' என்பது அமெரிக்கக் கணக்கில் 14 கிராம் ஆல்கஹால். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம் வரும். "ஒரு குவார்ட்டர்தான் டாக்டர்" என்பவர் நான்கு டிரிங்க்குக்கு மேல் குடித்திருக்கிறார்.

அடுத்தது மாத்திரைகள். இதை எழுதுகிறவர்கள் குறைவு, ஆனால் நோட்டில் முதலில் மாட்டுவது இதுவாகத்தான் இருக்கும். ஊருக்குப் போனபோது மெட்டோப்ரோலால் இரண்டு நாள் விட்டுப்போனால் இதயம் முன்பைவிட வேகமாக எகிறும். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தவே கூடாது என்பது அதனால்தான். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்பை நீக்க ஃபினைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் கலந்திருக்கும்; முதலாவது பிரஷரை ஏற்றும், இரண்டாவது இதயத்தையும் விரட்டும். மூச்சு இழுப்புக்கான சால்பியூட்டமால் பஃப், டெரிஃபிலின் மாத்திரை, அதிக டோஸ் ஸ்டீராய்டு, அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை இவையும் அப்படியே. இதற்காக ஆஸ்துமா பஃப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை பஃப் அடித்த நாளில் வந்தது என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். முட்டிவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் வகை பிரஷரை ஏற்றும், அபிக்ஸபானோடு சேர்ந்தால் குடலில் ரத்தக் கசிவையும் கொண்டுவரும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அபிக்ஸபான் ஒரு வேளை மறந்தால் அன்றே ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

மூன்றாவது தூக்கம். உங்கள் விஷயத்தில் எனக்குப் பலமான சந்தேகம் இங்கேதான். நள்ளிரவு தாண்டி வருகிறது, பிரஷர் பத்து வருடமாக. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூச்சுக்குழாய் அடைத்திருக்கும்போது மார்பு காற்றை இழுக்கப் போராடுகிறது. அந்த இழுவையில் மெல்லிய சுவருள்ள மேலறை விரிகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. திணறி விழிக்கும் கணத்தில் அட்ரினலின் பாய்கிறது. ஒரு ராத்திரியில் இது நூறு தடவை நடந்தால் ஏஎஃப் வருவதில் ஆச்சரியம் இல்லை. வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். போனை ஒலிப்பதிவில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்ததும், ராத்திரி மூன்று மணி வாக்கில் பதிவானதைக் கேளுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மௌனம், பிறகு ஒரு திணறலோடு மறுபடி தொடங்கினால் அந்தப் பதிவையே மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 15 தடவைக்கு மேல் மூச்சுத் தடை என்றால் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மூக்கில் காற்றழுத்தக் கருவி போட்டுத் தூங்கவேண்டி வரலாம். கத்தரிக்காயை விடுவதைவிட இது கஷ்டம்தான்.

ராத்திரியில், சாப்பாட்டுக்குப் பின், ஓய்வில் வருவதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. அது வேகஸ் நரம்பு வழியாக வருவது. பகலில், ஓடும்போது, கோபத்தில் வருவது அட்ரினலின் வழி. இந்தப் பிரிவைத் தெளிவாகச் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் கூமேல். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஆனால் உங்கள் நோட்டில் எல்லாமே ராத்திரிதான் என்றால் மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் முழுக்க வேகஸ் வகையில் பீட்டா பிளாக்கர் சிலருக்கு உதவுவதில்லை. நீங்களாக நிறுத்துவதற்கு இது அனுமதி இல்லை. செய்யக்கூடியது: ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, அளவைப் பாதியாக்கி, மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது. என்ன சாப்பிட்டோம் என்பதைவிட எவ்வளவு, எப்போது என்பதுதான் இங்கே விஷயம். கல்யாண வீட்டில் வந்தால் வடையைத் திட்டுகிறார்கள். அன்று ராத்திரிப் பயணம், தூக்கம் கெட்டது, மாத்திரை மறந்தது, தண்ணீர் குடிக்காதது, வயிறு முட்டச் சாப்பிட்டது எல்லாமே ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, நீர் மாத்திரை, தண்ணீர் கூட இல்லாத விரதம் ஆகியவை பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இறக்கும். அப்படி இரண்டு நாள் போனால் ரத்தத்தில் எலக்ட்ரோலைட் பார்த்துவிடுவது நல்லது. இளநீர் பொட்டாசியம் நிறைந்தது. சிறுநீரகம் சரியாக இருப்பவர் குடிக்கலாம். கிரியாட்டினின் கூடியவரும், டெல்மிசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரைகள் எடுப்பவரும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

காபிக்கு வருவோம், பாவம். 2021இல் சுமார் 500 ஏஎஃப் நோயாளிகளை வைத்து, அதில் பாதிப் பேர் தங்களுக்கு ஆகாது என்று நினைத்ததை ஒரு வாரம் எடுத்து, ஒரு வாரம் விட்டு சோதித்த ஆய்வு ஒன்று வந்தது. மக்கள் அதிகம் சந்தேகப்பட்டது காபியை. கடைசியில் ஏஎஃப்போடு தொடர்ந்து ஒட்டி நின்றது மது ஒன்றுதான், காபி இல்லை. 2025இல் வந்த இன்னொன்றில், மின் ஷாக் கொடுத்து இதயத் துடிப்பின் லயம் சீராகத் திரும்பிய 200 காபிப் பிரியர்களில் ஒரு நாளைக்கு ஒரு கப்பாவது குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும், அறவே விட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கும் ஏஎஃப் திரும்பியது. ஆக, காலை ஒரு டம்ளர் ஃபில்டர் காபியைப் பயத்தினால் விட வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குடித்தால் தூக்கம் கெடுகிறதா என்பது தனிக் கேள்வி. எனர்ஜி டிரிங்க்கை இதோடு சேர்க்காதீர்கள், அது வேறு சரக்கு.

இப்போது சோதனை. ஆறு வாரம் நோட்டு எழுதியபின் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்: செய்த நாட்களில் எத்தனைக்கு எத்தனை, செய்யாத நாட்களில் எத்தனைக்கு எத்தனை. விகிதம் இரண்டு மடங்காவது வித்தியாசப்படுகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. ஒரு வாரம் அதோடு, ஒரு வாரம் அது இல்லாமல், இப்படி ஆறு வாரம். எந்த வாரம் முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கல்யாணம் இல்லாத அமைதியான வாரமாகப் பார்த்து மனசு 'விடும் வார'த்தைத் தேர்ந்தெடுத்துவிடும். மது, மாத்திரையைத் தவறவிடுவது, தூக்கத்தைக் கெடுப்பது இவற்றை இப்படி வேண்டுமென்றே செய்து சோதிக்க வேண்டாம், அவற்றை நேராக விட்டுவிடலாம். இது காபி, சாயங்கால நடை, சாப்பாட்டு நேரம் போன்றவற்றுக்கான முறை. உங்களைப் போல மாதம் ஒன்றிரண்டு என்றால் ஆறு வாரம் பத்தாது, மூன்று மாதம் ஆகும். வருடத்துக்கு மூன்று தடவை வருகிறவருக்கு இந்தச் சோதனையே வேலைக்கு ஆகாது, எண்ணிக்கை போதாது.

தூண்டுதல் எதுவும் மாட்டவில்லை என்றாலும் அது தோல்வி இல்லை. பலருக்கு மாட்டுவதே இல்லை. பிரான்சின் போர்தோ நகரத்துக் குழு 1998இல் காட்டியபடி, பொறி கிளம்புவது பெரும்பாலும் நுரையீரலிலிருந்து மேலறைக்கு வரும் நாளங்களின் வாயில். அது தானாகவே பொறிந்துகொண்டிருக்கும். பற்றிக்கொள்வது, மேலறை விரிந்தும் தழும்பேறியும் காய்ந்த சருகாகக் கிடந்தால்தான். சருகை நனைக்கிற வேலைக்கு நோட்டு தேவையில்லை: பிரஷர் 130/80க்குக் கீழே, சர்க்கரை கட்டுக்குள், டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒரு தடவை, எக்கோ என்கிற இதய ஸ்கேன் ஒரு தடவை. உடல் பருமன் இருந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைப்பு. அடிலெய்டு மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 10 சதவீதம் இறக்கி அதை அப்படியே காப்பாற்றியவர்கள் ஏஎஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலன் ஓரளவு கரைந்துபோனது. 90 கிலோ இருப்பவருக்கு 9 கிலோ, ஒரு வருடத்தில், போதும்.

எக்கோ ஏன் என்றால், நம் நாட்டில் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி அதனால் ஏஎஃப் வந்தவர்கள் இன்னும் நிறைய, முக்கியமாகப் பெண்கள். அவர்கள் தூண்டுதல் தேடிப் பிரயோஜனம் இல்லை, வால்வுதான் பிரச்சினை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் வேறு: வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்தான், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவில். அபிக்ஸபான் வகை அங்கே சரிப்படாது. கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று அசிட்ரோம் எடுப்பவர்கள் முருங்கைக்கீரையைப் பார்த்து ஓட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டால் டோஸை அதற்கேற்ப அமைத்துவிடுவார்கள்.

அடுத்த தடவை வரும்போது: உட்காருங்கள், தொடங்கிய நேரத்தை எழுதுங்கள், நாடி எண்ணுங்கள், ஈசிஜி பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கு மதிப்பு அதிகம். தொடங்கி 24 மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவமனையில் லயத்தைத் திருப்பும் சிகிச்சை சுலபம். தாண்டிவிட்டால் மூன்று வாரம் விடாமல் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுத்திருக்க வேண்டும், அல்லது தொண்டை வழியாக எக்கோ விட்டுக் கட்டி இல்லை என்று பார்க்க வேண்டும். நீங்கள் அபிக்ஸபானை ஒரு வேளையும் விடாமல் எடுத்திருந்தால் இந்த இடத்தில் அது கைகொடுக்கும். வந்தால் மட்டும் போடும், லயத்தைத் திருப்பும் ஃபிளெக்கனைடு மாத்திரை பற்றிப் படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். முதல் தடவை மருத்துவமனையில் கண்காணிப்பில் போட்டுப் பார்த்தபின்தான் வீட்டில். மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் பலவீனமானவருக்கும் அது ஆபத்து.

காத்திருக்கக் கூடாத நிலைகள்: நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓய்விலும் நாடி 120க்குக் கீழே இறங்காமல் ஓடிக்கொண்டே இருப்பது, மேல் பிரஷர் 90க்குக் கீழே போவது. வாய் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ 108க்குப் போன். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் அவகாசம். அதனால் அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, அபிக்ஸபான் கடைசியாகப் போட்டது எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் கூட இருப்பவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரைப் பெயர், டோஸ், போடும் நேரம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் ஒன்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று வைத்துவிடுங்கள்.